ஒண்ணு காலி

கேட் போட்டிருந்தது என்பார் நர்ஸ் ஹெப்சிபா.
கொருக்குப்பேட்டையில் தாமதத்துக்கு
அதைவிட நல்ல காரணம் கிடையாது.
ஸ்கூட்டியை மீட்டர் பெட்டிக்குக் கீழே சொருகி
இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்கி,
செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:
"தணிகாசலம் சார், பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள
வலி இன்னிக்கு எவ்ளோ?"

முப்பத்தோரு வருஷம் ஹார்பரில்
டாலி கிளார்க்காக இருந்தவர்.
ஏறினது, இறங்கினது, நனைந்தது, கிழிந்தது
எல்லாம் இவர் பென்சிலைத் தாண்டித்தான் போகும்.
ஒரு மூட்டை குறைந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார்.
அந்த வாய் சொன்னது:
"மூணு."

மூணாம்.
ராத்திரி தலையணை உறையைப் பல்லால் கிழித்திருந்தார்.
காலையில் தைத்துப் போட்டிருந்தேன்.
ஹெப்சிபா தையலைத் தடவினார்,
என் முகத்தைப் பார்த்தார்,
நோட்டில் எட்டு என்று எழுதினார்.
"தப்புக் கணக்கு குடுத்தா
மருந்தும் தப்பாத்தான் சார் போகும்."
கணக்கு என்றதும் இவர் தலை தாழ்ந்தது.

இனிமேல் பண்றதுக்கு ஒண்ணுமில்லை என்று
பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னது பங்குனியில்.
ஒண்ணுமில்லை என்ற பிறகு எவ்வளவு வேலை!
இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க,
உதட்டைப் பஞ்சால் நனைக்க,
புண்ணின் நாற்றத்துக்கு மாத்திரையை நுணுக்கித் தூவ,
மார்ஃபினோடு மறக்காமல் பேதி மருந்து.
எத்தனை நாள் என்று இவர் கேட்டால்
பேச்சை மாற்றாமல் பக்கத்தில் உட்கார.
கடைசி வேலைதான் எனக்கு வரவில்லை.

அம்பத்தூரிலிருந்து கஜபதி வந்து குதித்தார்:
"அபின் அண்ணி அது!
ஆள சீக்கிரம் அனுப்பப் பாக்குறீங்களா?"
ஹெப்சிபா டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.
"தூங்கவைக்க இல்ல சார்.
அவர் முழிச்சிருக்கத்தான்."

மூன்றாம் ராத்திரி,
ஹார்பர் பக்கம் ஒரு கூட்ஸ் போனது.
கட்டில் கால் அதிர்ந்து நின்றதும்
கண்ணைத் திறக்காமல் சொன்னார்:
"நாப்பத்தெட்டு. அதுல ஒண்ணு காலி."
எப்படித் தெரியும் என்றேன்.
"காலிப்பெட்டி சத்தம் வேற, வச்சலா."
எட்டு மாதமாகக் கூட்ஸ் போய்க்கொண்டுதான் இருந்தது.
வலி எண்ணவிடவில்லை.

ஐசியு வேணாம், குழாய் வேணாம்,
ஜன்னல் தெறந்தே கெடக்கட்டும் என்றார் ஒருநாள்.
ஹெப்சிபா எழுதிப் படித்துக் காட்ட,
வாழ்நாளில் முதல்முறையாக
குறைந்த சரக்குக்குக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குத்தான் அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது.
"வச்சலாம்மா, உங்களுக்கு எவ்ளோ?"
எனக்கு இன்னா வலி என்றேன்.
"பத்துக்குள்ள சொல்லுங்க."
தண்ணீர் வராத நாள் அது.
குழாயைத் திறந்துவிட்டு அழவும் வழியில்லை.
அந்தம்மா எதிரிலேயே அழுதேன்,
இவர் பார்க்க.
இவர் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

ஆடியில், ஒரு வியாழன் பின்னிரவு.
மூச்சு நடுவில் நின்று நின்று வரும்,
கரகரக்கும், அது அவருக்குத் தெரியாது,
முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.
பயந்தேன்தான்.
ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை.

மிச்ச மாத்திரை பதினொன்று.
ஹெப்சிபா எண்ணி, என்னையும் எண்ணச் சொல்லி,
நோட்டில் இருவரும் கையெழுத்திட்டோம்.
ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார்,
மருந்துப்பை இல்லாமல்.
"இன்னிக்கு எவ்ளோம்மா?"
ஏழு என்றேன். ஏழுதான்.

அவர் படியிறங்கியதும் கேட் மணி அடித்தது.
பாவம், மாட்டிக்கொண்டிருப்பார்.
கூட்ஸ் வர, கட்டில் காலைப் பிடித்து எண்ணினேன்.
முப்பதுக்கு மேல் தவறிவிட்டது.
தண்ணி லாரி வந்துடுச்சி என்று
கீழ்வீட்டு மரகதவல்லி கத்தினாள்.
குடத்தோடு இறங்கினேன்.