இணையில்லாதவை

போஸ்னானில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
ஒரு பேக்கரியின் மேல்மாடியில்
இருநூற்றுப் பன்னிரண்டு இடது காலணிகள்,
நூற்றெண்பத்தேழு வலது.
மீதி இருபத்தைந்து எங்கே என்று கேட்டேன்.
“மீதி என்று எதுவும் கிடையாது” என்றாள் போக்னா.

எனக்கு மணிக்கணக்கில் கூலி.
கடை நாளைக் காலை ஏழுக்குத் திறக்கவேண்டும்.
கதவில்லாத, படியில்லாத கடை.
படியில்லாததுதான் அவளுக்கு முதலில் பிடித்ததாம்.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்
ஜோடி ஜோடி என்றே பேசியது:
ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஜோடி தீர்ந்துவிட்டது.
எழுபத்தோரு இடங்களில் அந்தச் சொல்லைத் தேடி அழித்தேன்.
எழுபத்திரண்டாவது
ரசீதின் அடியில் ஒளிந்திருந்து
நள்ளிரவில் அகப்பட்டது.
இணையக் கடை, ஆனால்
இணைக்கு இடமில்லை.

எடை போட்டவன் இக்னாத்ஸி,
பேக்கரியில் கடன் வாங்கிய மாவுத் தராசில்.
மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவளைச் சந்தித்தவன்.
அவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே இல்லை,
அவனுக்கு இடது.
இருவருக்கும் அளவு நாற்பத்தொன்று.
அந்த வாரமே ஒரு பழுப்பு பூட்ஸ் வாங்கி
பாதிப்பாதி விலை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.
காதலா என்று கேட்க வாயெடுத்தேன்.
“அட்டைப்பெட்டி யாருக்கு என்பதில்தான் சண்டை”
என்றான் அவன், தராசிலிருந்து கண்ணெடுக்காமல்.

படங்கள் வேறு தொல்லை.
எப்படி வைத்து எடுத்தாலும்
காலணிக்குப் பக்கத்தில் காலியிடம் தெரிந்தது,
யாரோ எழுந்து போன நாற்காலி மாதிரி.
வெட்டினேன், சுருக்கினேன், நிழல் போட்டேன்.
அவள் வந்து பார்த்தாள்.
“நடுவில் வை.”
நடுவில் வைத்ததும்
அது யாருக்காகவும் காத்திருப்பதை நிறுத்திவிட்டது.

சோதனைக்கு ஒரு ஸ்வாட்டி செலுத்தினேன்.
என் கணக்கிலிருந்து அவள் கணக்குக்குப் போகும் வழியில்
எட்டு குரோஷ் தேய்ந்திருந்தது.
பக்கத்தின் அடியில் மென்பொருள் தானாகவே எழுதியது:
‘இதை வாங்கியவர்கள் இதையும் விரும்புவார்கள்’.
கீழே, அதே காலணியின் வலது.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு மூவரும் சிரித்தோம்.

ஒரு விதி எழுதியிருந்தேன், கொஞ்சம் பெருமையாகவே:
ஒரே ஆள் இரண்டு இடது கேட்டால்
நிறுத்து, சிவப்பு எழுத்தில் ‘தவறு’ என்று சொல்.
அது கூடாது என்று
போக்னா ஒற்றைக்காலில் நின்றாள்.
செயற்கைக் காலைக் கழற்றி
ஹீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டால்
அவள் அப்படித்தான் நிற்பாள்,
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு.
“இரண்டு இடது யார் கேட்பார்கள்?”
“கேட்பவருக்குத் தெரியும்.”
அழித்தேன். மணி மூன்று பத்து.

ஐந்தரைக்குக் கீழே முதல் ரொட்டி வெந்து
மாடிவரை வாசனை ஏறியபோது
கணினி ‘டிங்’ என்றது.
வாசலுக்குக் கடவுச்சொல் போட மறந்திருக்கிறேன்.
இன்னும் திறக்காத கடைக்குள் யாரோ நுழைந்து,
சுற்றிப் பார்த்து, காசும் கொடுத்துப் போய்விட்டார்.
எல்க் நகரம். ஓதிலியா என்று பெயர்.
பனிக்கால பூட்ஸ், அளவு முப்பத்தெட்டு,
இடது,
எண்ணிக்கை இரண்டு.

“எழுதிக் கேட்கட்டுமா?” என்றேன்.
இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில்
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

அக்காவும் தங்கையுமாக இருக்கலாம்.
ஒன்று தேய்ந்தால் மற்றொன்று என்று
குளிருக்கு முன்பே கணக்குப் போட்டவராக இருக்கலாம்.
வெறும் தவறாகவும் இருக்கலாம்.
இக்னாத்ஸி பெட்டியை மடித்தான்.
போக்னா ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்தாள்.

“ஏழு மணிவரை பூட்டிவைக்கவா?”
“எதற்கு?” என்றாள்.

திரையில் இடது
இருநூற்றுப் பத்து என்று மாறியிருந்தது.