முள்ளோடையில் ரத்தம் எந்தப் பக்கம் வழிந்தது

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
மஞ்சக்குப்பத்தில், வக்கீல் மெஹ்ருன்னிசாவின் மாடியறையில்
மரியசூசையைத் திரும்பக் கொல்கிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
சுங்கச் சாவடிப் பியூன்.
தலை பிரெஞ்சு மண்ணில், கால் இங்கிலீஷ் மண்ணில்.
இரண்டு சர்க்காரும் நாடா பிடித்து அளந்தார்கள்.
ரத்தம் எந்தப் பக்கம் வழிந்தது என்பதில்
ஒன்பது நாள் போனது.
பத்தாம் நாள் மழை வந்து தீர்த்துவைத்தது.

மிஞ்சியது ஒரு வேட்டி.
தணிகாசலத்தின் வேட்டி. பதினேழு கறை.
அய்யனாருக்கு வெட்டிய கிடா என்றான் அவன்.
சென்னையிலிருந்து ரசாயனப் பரிசோதகர் எழுதினார்:
நான்கில் ஆடு.
மூன்றில் மனிதன்.
பத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

"மூன்று போதாதா?" என்பார் கோதண்டபாணி.
முப்பது வருஷம் கோர்ட்டில் கட்டு சுமந்தவர்,
சீல் வைத்த எதையும் நம்பிவிடுவார்.
"போதாது. ரோசாலியை ஏன் விட்டார்கள்?
புருஷன் செத்த விடியற்காலையில்
எந்தப் பெண் சாணம் கரைத்து வாசல் மெழுகுவாள்?"
"எந்தப் பெண்ணும்" என்றேன்.
"சேதி அவளுக்கு எட்டு மணிக்குத்தானே போனது?"

என்னைச் சேர்த்துக்கொண்டது ரத்தத்துக்காக.
அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் பதினொரு வருஷம்.
ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்:
அந்தக் காலத்து ரத்தம் மனிதன் என்று சொல்லும்.
எந்த மனிதன் என்று கேட்டால் வாய் திறக்காது.

போன மாதம் ஒரு நகல் கொண்டுபோனேன்.
முதுநகர் டிஸ்பென்சரிப் பதிவேடு,
கரையான் மிச்சம் வைத்த அரைப்பக்கம்.
அதே தேதி, காலை பதினொன்று.
கான்ஸ்டபிள் 412, தெய்வநாயகம்.
இடது கட்டைவிரலில் வெட்டு. இரண்டு தையல்.

வேட்டியை மடித்து அரக்கு வைத்தவர் அவர்தான்.

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார்.
முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது.
பிறகு பிடித்துக்கொண்டது.
அவனே கொன்றிருக்கிறான், மாமூல் தகராறு.
சும்மா இருங்கள், நூல் அறுத்த கத்தி வழுக்கியிருக்கும்.
வழுக்கவாவது! கறை பத்தவில்லை என்று
மேலே யாரோ சொல்லியிருப்பார்கள்.
அந்த மூன்றும் எங்கே இருந்தன, பாருங்கள்:
மடித்த ஓரத்தில், வரிசையாக.
ஒரு கட்டைவிரலுக்கு மூன்று சொட்டு அதிகமா?

தணிகாசலம் பதினான்கு மாதம் கேப்பர் மலை ஜெயிலில்.
விசாரணைக்கு முன்பே பேதியில் போனான்.
"அவன்தான் செய்தான் என்றே வைத்துக்கொண்டாலும்..."
என்று ஆரம்பித்த கோதண்டபாணி
மேலே போகவில்லை.
அன்றைக்கு டீக்கு அவரே காசு கொடுத்தார்.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.
கூண்டில் இன்னொருத்தரை ஏற்றிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.
அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம்,
வண்டிப்பாளையத்திலோ எங்கேயோ.
தேட வேண்டாம் என்றேன்.
மெஹ்ருன்னிசா ஏற்கெனவே தேடியிருந்தார்.

நேற்று ஜிப்மரிலிருந்து இரண்டு பை, ஓ நெகட்டிவ்.
பிரசவ வார்டில் ஒருத்தி காத்திருக்கிறாள்.
ஐஸ் பெட்டி என் மடியில்.
பிராந்திக் கடைகளுக்கு நடுவே முள்ளோடை போனது,
எந்த இடம் என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை.
ஆற்றைத் தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள்.

"பெட்டியில என்ன, பாட்டிலா?"
"ரத்தம்."
சின்னப் பையன். புதுச் சட்டை, மடிப்புக் கலையாதது.
மூடியைத் தொட்ட கையை எடுக்காமல் கேட்டான்:
"யாருதுங்க?"

எண் இருந்தது. பிரிவு இருந்தது. காலாவதித் தேதி இருந்தது.
தெரியாது என்றேன்.
சொல்லும்போது
அவனுடைய இடது கட்டைவிரலைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.