பதினோராவது பறவை

மூன்று நாள், பதினோரு பறவை.
ஜீப், சாப்பாடு, அட்டைக்கடிக்கு உப்பு உட்பட
ஆளுக்குப் பதினெட்டாயிரம்.
பதினோராவது வராவிட்டாலும் பணம் திரும்பாது
என்று யோகராசா முதலிலேயே சொல்லிவிட்டார்.

எமரால்டு தாண்டி வண்டி ஏறும்போது
கோவை நகைக்கடைக்காரர்
லென்சை மடியில் கிடத்தி
குளிருக்குத் துண்டு போர்த்தியிருந்தார்.
ஓசூர்த் தம்பதி ஒரே காமிராவுக்காகத்
தாழ்ந்த குரலில் சண்டை.
நான் திருப்பூரில் பல் பிடுங்குகிறவள்.
பூட்டிய கிளினிக் வாசலில் இந்நேரம்
யாரோ தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

சோலை வந்தாச்சு என்றார்.
மலை மடிப்பில்
யாரோ துடைக்க மறந்த மை போல
கொஞ்சம் கருப்பு.
சுற்றிலும் தேயிலை,
அதற்கப்பால் தேயிலை.

"இது தீவு, மேடம்.
அந்தச் சிட்டு இந்தப் பச்சையைத் தாண்டாது.
நிழல் முடிஞ்ச இடத்துல
அதுக்கு இறக்கையும் முடிஞ்சுடும்.
பழனி மலையில இதோட பங்காளி இருக்கான்,
வயிறு வெள்ளை.
நடுவுல பாலக்காட்டுக் கணவாய்.
எத்தனை லட்சம் வருசமோ,
ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

உள்ளே மேடை தயாராக இருந்தது.
பாசி பிடித்த கட்டை,
பின்னால் கலங்கலான இருட்டு,
இடப்பக்கம் அழகுக்கு ஒரு பெரணி.
கட்டையின் குழிவில்
டப்பாவிலிருந்து புழுக்களை எண்ணிப் போட்டார்,
ஆறு.

வெளிச்சம் பார்க்க
வெறுங்கட்டையைப் படம் எடுத்தோம்.
சடசடசட.
நான்காவது சடசடப்பில்
வந்து நின்றது.

மண்ணெண்ணெய் அடுப்பில்
திரியை இறக்கியதும் தெரியுமே,
அந்த நீலம்.
விலாவில் செங்கல் தூள்.
உடம்புக்குப் பொருந்தாத நெட்டைக் கால்கள்.

"இவ்வளவு சத்தத்துக்குப் பயப்படலையே!"
நகைக்கடைக்காரர் கிசுகிசுத்தார்.
"சத்தம் கேட்டுத்தான் சார் வருது.
காமிரான்னா புழுன்னு அதுக்குத் தெரியும்."

என் கிளினிக்கில் மிஷின் சத்தம் கேட்டால்
குழந்தைகள் செருப்பை விட்டுவிட்டு ஓடும்.

ஓசூர்க்காரர் நானூறு படம் எடுத்தார்,
நானூறும் ஒரே படம்.

மாலை, டீக்கடை பெஞ்சில்
யாரும் கேட்காமலே சொன்னார்:
"தலைமன்னார்ல கப்பல் ஏறும்போது
அப்பாவுக்குப் பதினாறு வயசு.
உங்க ஊருக்கு வந்துட்டீங்கன்னு
மண்டபம் முகாமில சொன்னாங்களாம்.
அப்புறம் இங்க கொண்டுவந்து விட்டாங்க.
எதிர்ச் சரிவு தெரியுதில்ல,
அது அவங்க செட்டு வெட்டி நட்டது.
அப்ப அதுவும் சோலை."
டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு
நாளைக்கு அஞ்சு மணிக்கு வண்டி என்றார்.

மூன்றாம் நாள்
எல்லோரும் வரையாடு தேடி மேலே போக,
கணுக்கால் பிசகி
நான் மட்டும் கட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.
புழு டப்பா அவரோடு போய்விட்டது.
லென்சில் பனி.
துடைத்துவிட்டுச் சரியாகிவிட்டதா என்று
ஒருமுறை அழுத்தினேன்.

வந்தது.
குழிவுக்குள் எட்டிப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.
திரும்பவும் குழிவை.

என்னிடம் இருந்தது
உப்புப் பொட்டலம், பாதி கடலை மிட்டாய்.

இன்னொருமுறை அழுத்தினேன்.
இன்னும் ஓரடி கிட்டே வந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி
கிளினிக் கூரையில் ஒட்டியிருக்கிறேன்,
நாற்காலியில் சாய்ந்து வாய் திறந்தால்
நேரே கண்ணில் படும்.
எப்படி டாக்டர் இவ்வளவு பக்கத்தில் வந்தது
என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.
வாயில் பஞ்சை வைத்துவிடுவேன்.