இரண்டரை அடி

பாகம் பிரிக்க அளவெடுக்கப் போனோம், முஞ்சிறைக்கு.
கீழ்நிலை உச்சிக்குள் முடிந்தது.
மேலே போகப் படி எங்கே என்றேன்.
ரெத்தினபாய் நெல் பத்தாயத்தின் கதவைத் திறந்தாள்.
இடது கன்னத்தில் தூசி, துடைக்கவில்லை.
உள்ளே நெல் இல்லை.
படி.

"தலைய குனிஞ்சு ஏறுங்கோ, இல்லேன்னா வீடே குனிய வைக்கும்."
ஷிபின் சிரித்தான்.
ஏழாம் படியில் முட்டிக்கொண்டான்.

மேலே அயனிப் பலகைத் தரை, வௌவால் புழுக்கை,
உடைந்த ஓட்டின் வழியே தரையில் விழுந்த
ஒற்றைப் பப்படம் அளவு வெயில்.
நடு உத்தரத்தின் கீழே மட்டும் நிமிரலாம்.
டேப்பை இழுத்தோம். மறுபடியும் இழுத்தோம்.
கீழே இருந்த இரண்டரை அடி
மேலே இல்லை.

சுவரைத் தட்டிக்கொண்டே போனேன்.
ஒரு பலகை வேறு குரலில் பதில் சொன்னது.
தள்ளினால் ஓர் ஆள் படுக்கிற அகலம்.
தரையில் எட்டணா அளவு ஓட்டை,
அதைச் சுற்றி மட்டும் மரம் வழுவழுத்து
எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது,
ஒரு கன்னத்தின் பரப்புக்கு.

படுத்தேன். காதை வைத்தேன்.
நேர் கீழே பூமுகம்.
நான்கு வாரிசுகள், சாயா கிளாஸ் வைக்கும் சத்தம்.
தேக்குக் கட்டில் ஒருவருக்கு,
தென்னந்தோப்பு ஒருவருக்கு,
கிணற்றுக்கு இன்னும் வழக்கு.
இந்தப் பலகையில் படுத்து
எத்தனை பேர் தங்கள் கல்யாணத்தைக்
காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்களோ.

"நான் காலத்தயே கேட்டாச்சு," பின்னால் ரெத்தினபாய்.
"எனக்க பேரு எங்கேயும் வரல்ல."

ஷிபின் பேனாவைத் திறந்தான்.
"இத என்ன அறைன்னு எழுத, சாரே?"