வலப்பக்க இருக்கை

அசூலைவிட்டுக் கிளம்பும்போது விடியவில்லை.
பின்சீட்டில் மிர்த்தா கேட்ட பீச் ஜாம்,
கிறிஸ்துமஸ் ரொட்டி, இரண்டு பாட்டில் ஆப்பிள் மது,
அவள் கேட்காத ஒரு மேசை விசிறி.
தள்ளுபடி என்றான் கடைக்காரன், வாங்கிவிட்டேன்.
காற்றுக்குப் பெயர்போன ஊருக்கு
விசிறி கொண்டுபோகிற முதல் ஆள்
நானாகத்தான் இருப்பேன்.

ரியோ கஷேகோஸுக்கு இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.
மூன்றாம் எண் சாலை.
வழி தவறக்கூட இன்னொரு வழி வேண்டுமே.

தனியாகப் போவதில் ஒரே சிக்கல், மாத்தே.
சுரைக்குடுக்கையில் இலை, பிளாஸ்க்கில் வெந்நீர்.
ஊற்றித் தருவது பக்கத்தில் இருப்பவர் வேலை.
ஓட்டுகிறவர் கையை நீட்டினால் போதும்,
கண் சாலையைவிட்டு அகல வேண்டாம்.
பன்னிரண்டு வருஷம், எந்தப் பயணத்திலும்,
அந்த வேலை மிர்த்தாவுடையது.
பள்ளத்தில் வண்டி குதித்தாலும்
நுரை கலையாமல் ஊற்றுவாள்.
பிறகு தெற்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.
போய்விட்டாள்.

பாயியா பிளாங்காவுக்கு முன்னால் முயன்று பார்த்தேன்.
குடுக்கையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி
பிளாஸ்க்கை ஒரு கையால் சாய்த்து…
தொடை வெந்தது.
எனக்கே தெரியாத வசவெல்லாம் வாயில் வந்தது.
அதன்பிறகு ஒவ்வொரு குடுக்கைக்கும்
வண்டியை ஓரங்கட்டினேன்.

ரியோ கொலொராடோவைத் தாண்டியதும்
மரங்கள் நின்றுவிட்டன.
முள்புதர், வேலி, முள்புதர்.
வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு குவானாக்கோ
சுங்க அதிகாரிபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தது.
சிவப்புத் துணி படபடக்கும் சாலையோரப் புனிதருக்கு
லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் போனார்கள்.
நானும் அடித்தேன்.
எதற்கும் இருக்கட்டும்.

மூன்றாம் நாள், த்ரெஸ் செர்ரோஸ் பெட்ரோல் பங்க்.
கதவைப் பிடித்துக்கொண்டு திறக்கவும் என்று பலகை.
பிடித்துக்கொண்டுதான் திறந்தேன்,
தோள்பட்டை கதவோடு போய்த் திரும்பி வந்தது.
வெந்நீர்க் குழாயடியில்
கம்பளி மூட்டை ஏற்றிப்போகும் எல்விதியோ
தன் குடுக்கையை என்னிடம் நீட்டினார்.
குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார். தாங்கவில்லை.
நன்றி என்றேன்.
மாத்தே குடிக்கிற இடத்தில்
நன்றி என்றால் போதும் என்று பொருள்,
அடுத்த சுற்றில் நீ கணக்கில் இல்லை.
தலையாட்டி வாங்கிக்கொண்டார்.
"தனியாகவா?" என்றார்.
"விசிறியோடு" என்றேன்.

பியெத்ரா புவெனாவில் மிர்த்தாவின் செய்தி வந்து விழுந்தது.
"இன்று ராத்திரி எனக்கு ஷிப்ட். ஒருத்தி வரவில்லை.
சாவி பக்கத்து வீட்டில். கோபப்படாதே."
கோபப்பட்டேன்.
அடுத்த எழுபது கிலோமீட்டரும், உரக்க,
கண்ணாடியை ஏற்றிவிட்டு.

சாவி வாங்கப் போகவில்லை.
ஆஸ்பத்திரி வாசலில், காற்றுக்கு முகம் காட்டி
வண்டியை நிறுத்தினேன்.
நள்ளிரவு. ஊரெல்லாம் வெடிச்சத்தம்.
தெற்கு வானத்தின் ஓரத்தில் மட்டும்
வெளிச்சம் இன்னும் முழுசாக அணையவில்லை.
அவசரப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்,
நீலச் சீருடை, குட்டையாக வெட்டிய முடி.
"கால் மணி நேரம்தான்."
வலப்பக்கக் கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினாள்.
கட்டிப்பிடிக்க கியர் தண்டு இடம் தரவில்லை.
பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.
"விசிறியா?"
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

ஆப்பிள் மதுவைத் திறக்கவில்லை.
அவள் வேலையில் இருந்தாள்.
காலடியில் கிடந்த பிளாஸ்க்கை எடுத்தாள்,
மூடி திறந்து ஆவியில் உள்ளங்கையைக் காட்டினாள்,
முதலாவதைத் தானே குடித்தாள், முறைப்படி.
அடுத்ததை நீட்டினாள்.
இன்ஜின் ஆறிக்கொண்டிருந்தது.
ஆனாலும் நான் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே
ஒரு கையால் வாங்கினேன்.
இன்னொரு கை ஸ்டீயரிங்கில்.

வெறும் குடுக்கையைத் திருப்பித் தந்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவள் மறுபடி ஊற்றினாள்.