ஒரு கொடி

காவேரிப்பட்டணம் தாண்டி
சின்ன ஏரி வற்றிக் கிடந்த மூன்று வருஷமும்
எங்களுக்கு மைதானம் இருந்தது.
நீள்வட்டமா இருக்கு, போதும், புல்லெல்லாம் வேணாம்
என்றார் திம்மராயன்.
பெங்களூர் ஓட்டல் வேலையை விட்டு வரும்போது
அவர் கொண்டுவந்தது அந்தப் பந்து ஒன்றுதான்.
ஆஸ்திரேலியாக்காரர் யாரோ அறையில் விட்டுப் போனது.
சிவப்புத் தோல், இரண்டு முனை,
விழுந்தால் எந்தப் பக்கம் எழும் என்று
அதற்கே தெரியாது.

தைலமரக் கம்பு நான்கு நட்டோம்.
நடுவில் இரண்டு நெட்டை, ஓரத்துக்கு ஒரு குட்டை.
நெட்டைகளுக்கு நடுவே உதைத்தால் ஆறு.
நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவே போனால்
ஒன்று.
"தப்பினதுக்கா சார் பாயிண்ட்?"
மாங்கூழ் ஆலைப் பையன்கள் சிரித்தார்கள்.
"கிட்ட வந்தியே, அதுக்கு."

எனக்கு ஓட வராது. கொடி கொடுத்தார்.
ஆறுக்கு இரண்டு கையும், ஒன்றுக்கு ஒரு கை.
முதல் வருஷமே வலது கைக் கொடி நைந்து போயிற்று.
இடது கைக் கொடியில்
கஞ்சி மடிப்புக் கலையவில்லை.

பெங்களூரில் நூற்றிப் பதினான்குக்கு ஒன்பது.
அந்த ஒன்பதும் ஒன்று ஒன்றாக வந்தவை.
திரும்பும் பஸ்ஸில் சூளகிரி வரை பேச்சில்லை.
அதற்குப் பிறகு
ஒன்பதையும் உதைத்தது யார் யார் என்று
பேர் பேராகச் சொன்னார்.
தன் பேர் வந்ததும் நாகோஜி
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மழை பெய்தது. ஏரி நிறைந்தது.
ஊர் கெடா வெட்டியது, நாங்களும் கறி தின்றோம்.
குட்டைக் கம்புகள் முழுகிவிட்டன,
நெட்டைமேல் ஒரு நீர்க்காகம்
சிறகு காயவைத்தது.

நாற்பது வயதில் பி.எட். படித்தார்.
தகுதித் தேர்வில் முதல் தடவை போனது
ஒரே ஒரு மார்க்கில்.
"அங்க கொடி ஆட்ட ஆளில்லப்பா."

இப்போது அஞ்செட்டிப் பக்கம் கணக்கு வாத்தியார்.
தப்பான விடைக்குப் பக்கத்தில்
சிவப்பு மையில் குட்டியாக ஒரு கொடி வரைகிறாராம்.
விடைத்தாளில் படம் போடக்கூடாது என்று
தலைமையாசிரியை இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டார்.
அவர் பதில் எழுதவில்லை, கொடியையும் நிறுத்தவில்லை.

லோடு இறக்கப் போனவன் எட்டிப் பார்த்தேன்.
போர்டில் ஒரு பெண்,
ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டு
சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றாள்.
வகுப்பில் யாரோ கெக்கலித்தார்கள்.
வாசலில் நின்ற என் வலது கை
அதுபாட்டுக்கு எழுந்துவிட்டது.

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:
"அம்பயர், கம்புக்குப் பின்னால நில்லு."