பதினேழாம் குழாய்

தோஹாவில் ஆகஸ்ட். லேபுக்குள் மட்டும் பனி.
நோயாளிகளின் ரத்தம் பதினாறு;
நோயில்லாதவர் கணக்குக்கு ஆள் குறைந்ததால்
பதினேழாவது என்னுடையது.

ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று படித்திருந்தேன்.
இது வெட்டுகிறது.
நரம்பின் உறைப் புரதத்தைத் துண்டாக்கிவிட்டு
மழுங்காமல் அடுத்ததற்கு நகர்கிறது.

வேலி பயிரை மேய்ந்தால்
ஒரு கட்டத்தில் வயிறாவது நிரம்பும்.
இதற்கு வயிறே இல்லை.

காலையில் ஜெல்லை விளக்கில் பிடித்தேன்.
பதினேழாம் தடத்தில்
ஒரே கோடாய் இருக்கவேண்டியது
மூன்றாய்க் கிடந்தது.

போன மாதம், வெயிலில்,
நஜ்மா பேருந்து நிறுத்தத்தில்
இடது செருப்பு கழன்றது தெரியாமல்
நாற்பதடி நடந்திருக்கிறேன்.
"அக்கா, கால் சுடலையா?" என்றான்
பின்னால் வந்த பையன்.

மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்கிறாள் ஜெஸிந்தா.
புதுக் குழாயின் சீட்டிலும்
'நோயில்லாதவர்' என்றே எழுதுகிறேன்.